அம்மா முன்வரிசையில் பார்த்த ராஜா படம்

ராயபுரம்,
செப்டம்பர் 14

அன்பு மகள் சாராவுக்கு நைனா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஜெரிக்குட்டியும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க மாதாவை வேண்டுகிறேன், உங்கள் மூன்று பேர் பெயரையும் சொல்லாமல் இங்கே ஒரு நாளும் ஜெபமாலை முடிவதில்லை. நாங்கள் இருவரும் நலம் என்றுதான் முதலில் எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா, "இன்னா எழுதின, படி" என்றாள், படித்தேன், "அத்த அடிச்சிட்டு உள்ளத எழுது" என்று சொல்லிவிட்டாள். அதனால் வேறு தாள் எடுத்து ஆரம்பிக்கிறேன். தினமும் போன் பேசுகிறோமே, இதற்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் அவளும் அழுதுவிடுவாள், அப்புறம் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவோம், எழுதி அனுப்பினால் நீ தனியாக உட்கார்ந்து படித்துவிட்டு ஆற அமரப் பேசுவாய் என்பது அவளுடைய யோசனை. பின்தெருப் பையன் அபின் லீவு முடிந்து உங்கள் ஊருக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதையும் கொஞ்சம் நெத்திலிக் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன். டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் இதைப் படிக்காதே, குழந்தை தூங்கின பிறகு படி.

அம்மாவுக்குக் கண் போய்விட்டது சாரா. இதை வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மங்கல் இல்லை, கண்ணாடி மாற்றினால் சரியாகிற சமாசாரமும் இல்லை. சர்க்கரைதான் காரணம். இடது கண் போன கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டது, மீதி ஒரு கண்ணை வைத்துக்கொண்டு சமாளித்துக்கொண்டிருந்தாள், ஈஸ்டர் கழிந்து அந்தக் கண்ணிலும் ரத்தம் கசிந்து திரை கட்டிக்கொண்டது. லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள், கடைசியில் ஆபரேஷனும் செய்தார்கள். கோடையில் ஒரு வாரம் அம்மா எம்.கே.பி. நகர் பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், அங்கே சிக்னல் கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அந்த வாரம் முழுக்க அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். அப்படிப் படுத்தால்தான் உள்ளே பிரிந்த சவ்வு ஒட்டும் என்றார்கள். சாப்பாடு கூடத் தலையைக் குனிந்தபடிதான். அவ்வளவு செய்தும் ஒட்டவில்லை. உன் வயதுகூட இருக்காது அந்த டாக்டர் பெண்ணுக்கு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே கண்ணுக்காக அலையாதீங்க ஐயா, சர்க்கரையைக் குறைச்சு கிட்னியையாவது காப்பாத்திக்கலாம்" என்றாள். நல்ல பிள்ளை, குரல் இறங்கித்தான் சொன்னாள். இப்போது அம்மாவுக்கு வலது கண்ணின் ஓரத்தில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிறது. ஆள் தெரிவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் முகம் தெரிவதில்லை.

நர்ஸ் வேலை பார்க்கிற பெண்ணிடம் இதைப் போய் மறைத்தார்களே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும், நியாயம்தான். உனக்குத் தெரிந்தால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவாய், அங்கே வேலை நிரந்தரமாகிற நேரத்தில் எல்லாம் கெட்டுவிடும் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். ஜெரி முதன்முதலாக எட்டு வைத்ததை நீ வீடியோவில் காட்டினாயே, அப்போது "நடக்குறான், நடக்குறான்" என்று அம்மா கை தட்டினாளே, நான் அவள் முதுகில் தட்டின பிறகுதான் அவள் சொன்னாள். நீ பார்த்திருக்க மாட்டாய். போனை வைத்த பிறகு, "எந்தக் கால மொதல்ல எடுத்து வச்சான்" என்று என்னிடம் கேட்டாள். நான் கவனிக்கவில்லை, வலது கால் என்று சொல்லிவைத்தேன். அதற்கப்புறம்தான் அவள் வீடியோ வேண்டாம், கண் கூசுகிறது என்று உன்னிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்தவள் இப்போது ஏன் எழுதச் சொன்னாள் என்றால், அதற்குக் காரணம் ஒரு ராஜா படம். அம்மாவின் ராஜா படப் பைத்தியம் உனக்குத் தெரியாததல்ல. பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பாள், இவள் புடவை மாற்றிக்கொண்டு கிளம்புவாள், கிரீடம் வைத்த படம் எது வந்தாலும் இரண்டு பேரும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவார்கள். தமிழ், தெலுங்கு, இந்தி எதுவானாலும் சரி, பாஷை புரியாவிட்டாலும் துணி புரியுமே என்பாள். கதைக்கு ஒரு தரம், உடைக்கு ஒரு தரம் என்று எந்தப் படத்தையும் இரண்டு தரம் பார்ப்பது அவள் வழக்கம். நான் ஏசிக்காகக் கூடப் போய்த் தூங்கினதோடு சரி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ராணியின் தலைப்பு எப்படி விழுந்தது, தோள் வங்கியில் என்ன கல், தோழிகள் ஆறு பேருக்கும் ஒரே பச்சையில் எப்படி ஆறு விதம் நெய்தார்கள் என்று பேச்சு ஓடும். பின்வரிசைச் சிப்பாய் ஒருவனின் கையில் வாட்ச் கட்டின தழும்பைக் கண்டுபிடித்து ஒரு வாரம் சிரித்தாள். அந்தக் காலத்து ராஜா இவ்வளவு ஜரிகையைச் சுற்றிக்கொண்டா சண்டைக்குப் போனான் என்று நான் கேட்டால், "அவன் கட்னானோ இல்லியோ, பாக்குற எனக்கு வேணும்" என்பாள். ஒருநாள் அவள் சொன்னது எனக்கு இப்போதும் மனசில் நிற்கிறது. "ராஜா படத்துல மட்டுந்தான், சாரா நைனா, யாரும் அவசர அவசரமா நடக்கறதில்ல. துணி அவ்ளோ கனம். அழுவுறப்பகூட நிமிந்து நின்னுதான் அழுவணும்." பைப்படியிலும் ரேஷன் கடையிலும் ஓடி ஓடியே காலம் தள்ளினவள் வேறு எதைச் சொல்வாள்.

நம் கோவிலில் மாதா பிறந்தநாளுக்குச் சொரூபத்துக்குப் புடவை கட்டுவது இத்தனை வருஷமும் அம்மாதான் என்பதும் உனக்குத் தெரியும். நீ சின்னப் பெண்ணாக ஊசி எடுத்துக் கொடுத்திருக்கிறாய். அந்த வருஷம் வந்த ராஜா படத்து ராணியின் கொசுவம்தான் மாதாவுக்கும் விழும். முன்பிருந்த ஃபாதர் ஒருமுறை, "இது மாதாவா மகாராணியா பிலோமி" என்று கேட்டதற்கு, "பரலோகத்துக்கு ராணின்னு நீங்கதான ஃபாதர் தெனம் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கடற்கரைக் கோட்டையைக் காப்பாற்றுகிற பாண்டிய ராணியின் படம் ஒன்று உண்டே, அதன் முதல் பாகம் வந்தபோது நீ கர்ப்பமாக இருந்தாய், அம்மா போனில் உனக்குப் படம் முழுக்கச் சொன்னாள். அதன் இரண்டாம் பாகம் ஆகஸ்டில் வந்தது. தெருவெல்லாம் போஸ்டர், டிவியில் ஓயாமல் அந்தப் பாட்டு. நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, டிவியில் வந்தால் சானலை மாற்றினேன். ஆவுடையம்மாளும் மீன் சமாசாரம் தவிர வேறு பேசாமல் இருந்தாள். ஒருநாள் காப்பி குடிக்கும்போது அம்மாவே, "ஆண்ட்ரூகிட்ட சொல்லி மூணு டிக்கெட் போடச் சொல்லு" என்றாள். நான் திடுக்கிட்டுப்போய், போகலாம் பிலோமி, வசனம் கேட்டாலே போதும் என்று ஏதோ சொன்னேன். "மொத வரிசைல போடச் சொல்லு" என்றாள். உன் ஆண்ட்ரூ மாமா போனில், "மாமா, மொத வரிசைல உக்காந்தா கழுத்து புட்டுக்கும், நடுவுல போடறேன்" என்றான். அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, "மொத வரிசைதான்டா, நடு சீட்டு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள். அவள் மனசில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மேட்னிக்குப் போனோம். அம்மா கல்யாண நாளுக்கு நீ அனுப்பின புடவையைக் கட்டிக்கொண்டாள், பூ வைத்துக்கொண்டாள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல அடைத்துக்கொண்டு நின்றதில் ஆட்டோ நகரவே இல்லை, படம் போட்டுவிடுவார்கள் என்று அவள் தவித்துப்போய்விட்டாள், டிரைவரை இரண்டு மூன்று முறை கேட்டாள். தியேட்டர் படியில் நான் ஒரு கை, ஆவுடையம்மாள் ஒரு கை. திரைக்கு நேர் எதிரே உட்கார வைத்தோம். உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து இரண்டு கண்ணையும் நன்றாகத் துடைத்துக்கொண்டாள், குழந்தைகள் ஸ்லேட்டைத் துடைப்பார்களே அந்த மாதிரி. அப்போதுதான் எனக்குப் புரிந்தது சாரா. வெளிச்சம் கொஞ்சம் தெரியும் என்று டாக்டர் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டு டியூப்லைட் சின்னது, அதனால் தெரியவில்லை. இவ்வளவு பெரிய திரை, இருட்டுக்குள்ளே இவ்வளவு வெளிச்சம், அத்தனையும் தங்கம். கிட்டே உட்கார்ந்தால் கொஞ்சமாவது தெரியாமலா போகும் என்று நினைத்திருக்கிறாள். எத்தனை நாளாக நினைத்தாளோ.

விளக்கை அணைத்தார்கள். நகைக்கடை விளம்பரம் இரண்டு ஓடியது, அதிலும் மேளதாளம்தான். பிறகு படம் ஆரம்பித்தது. எடுத்த எடுப்பிலேயே பட்டாபிஷேக ஊர்வலம். திரை முழுக்க வெயில், முகபடாம் கட்டின யானைகள், குடைகள், சிவப்பும் மஞ்சளுமாகக் கொடிகள், பின்னாலே கடல். ஜனங்கள் விசில் அடிக்கிறார்கள், அந்த வெளிச்சத்தில் என் சட்டையே மஞ்சளாகத் தெரிகிறது. அம்மா என் பக்கம் சாய்ந்து, "இன்னும் வெளம்பரந்தான் ஓட்றானா" என்று கேட்டாள்.

ஆவுடையம்மாள்தான், "படம் ஆரம்பிச்சாச்சு பிலோமி" என்று மெதுவாகச் சொன்னாள். அம்மா முகத்தை நிமிர்த்தி இடமிருந்து வலமாகத் திருப்பினாள், வலமிருந்து இடமாகத் திருப்பினாள், ஏதாவது ஒரு ஓரத்தில் அகப்படுமா என்று தேடினாள். யானையெல்லாம் போய் முடிகிற வரைக்கும் தேடினாள். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு, "சரி, நீ சொல்லு" என்றாள்.

நான் சொன்னேன். எனக்கு என்ன தெரியும், முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன், வலது பக்கம் யானை, இடது பக்கம் குதிரை, நடுவில் பல்லக்கு, மெதுவாக இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டு போனேன். "கப்பல்லேர்ந்து சரக்கா எறக்குற? அவ இன்னா கட்டிகினு கீறா, அத்தச் சொல்லு" என்றாள். சிவப்பு என்றேன். எந்தச் சிவப்பு என்றாள். ரத்தச் சிவப்பா, மிளகாய்ப்பழமா, மாதுளையா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன். ஆவுடையம்மாள் அந்தப் பக்கத்திலிருந்து மாதுளை என்றாள், எனக்கு மிளகாயாகத்தான் தெரிந்தது. பின்னாலிருந்து ஒரு பையன், "பெர்சு, படம் பாக்க வுடு, கதை சொல்லிகினே கீற" என்றான். அவன்மேல் தப்பில்லை. ஆவுடையம்மாள் திரும்பி, "அந்தம்மாக்குக் கண்ணு தெரிலப்பா, அதான் காதுல சொல்லிகினு கீறாரு, கொஞ்சம் பொறுத்துக்க" என்றாள். மீன் விற்கிற குரல், அவள் மெதுவாகப் பேசினாலும் நாலு வரிசைக்குக் கேட்கும். அந்தப் பையன் சாரி சொல்லி அடங்கிவிட்டான். வீட்டுக்கு வெளியே, நாலு பேர் காதுபட, அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. தெருவில் இதுவரை காடராக்ட் என்றுதான் சொல்லிவைத்திருந்தோம். என் கையைப் பிடித்திருந்த அவள் கை நழுவிப்போய்விட்டது. தலையை மட்டும் குனியாமல் நேராகத் திரையைப் பார்த்து வைத்திருந்தாள்.

இடைவேளையில் வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டேன், காசு குடுத்தாச்சு உக்காரு என்றாள். இரண்டாம் பாதியில் அவள் அதிகம் கேட்கவில்லை, நானும் அதிகம் சொல்லவில்லை. இத்தனை வருஷம் தூங்கினவன் அன்றைக்குக் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன், அந்தத் துணியையும் நகையையும் அவளுக்காகப் பார்த்துப் பார்த்து எனக்கே அதில் ஒரு பிரமை வந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட வேலை சாரா, எத்தனை பேர் உட்கார்ந்து தைத்திருப்பார்கள். கடைசியில் எதிரிக் கப்பல்கள் வந்து நிற்கின்றன, ராணி கோட்டைப் படியில் இறங்கி வருகிறாள். அம்மா, "இப்ப இன்னா கட்டிகினு கீறா" என்று கேட்டாள். வெள்ளை என்றேன். "ஜரிகை கீதா?" இல்லை, வெறும் வெள்ளை என்றேன். "அப்ப சாவப் போறா" என்றாள். அப்படியேதான் நடந்தது. அந்தப் பாட்டில் தியேட்டரே அழுதது, ஆவுடையம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள், நானும் அழுதேன். அம்மா அழவில்லை.

ஆட்டோவில் திரும்பி வந்தோம். காசிமேடு தாண்டி வலை காயப்போட்டிருக்கிற இடம் வந்தபோது, "ஆவுடை, அந்தப் பையங்கிட்ட நீ சொன்ன பாரு, அதையே தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிடு. காடராக்ட்டுனு இனிமே யாரும் சொல்ல வேணாம்" என்றாள். ஆவுடையம்மாள் தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று அழ ஆரம்பித்தாள். "நீ உள்ளததான சொன்ன" என்று இவள் அவள் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு என்னிடம், "மாதா திருநாள் முடியட்டும், சாராக்கு எழுதிடு" என்றாள். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாள்களிலும் கட்டிலை விட்டு அதிகம் எழுந்திருக்கவில்லை. சர்க்கரை ஏறிப்போய் மருந்து கூட்டினார்கள்.

மாதாவுக்குப் புடவை கட்டுகிற வேலையை ஆண்ட்ரூ மாமாவின் மனைவியிடம் அவளாகவே கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் வேண்டாம் அண்ணி, நீங்க தொட்டுத் தொட்டே கட்டிடுவீங்க என்று எவ்வளவோ சொன்னாள், கேட்கவில்லை. எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்க மட்டும் வந்தாள். கடைக்காரன் எடுத்துப் போட்டதையெல்லாம் தடவித் தடவி ஒரு கரையைத் தேர்ந்தெடுத்தாள், நிறம் நானும் ஆவுடையம்மாளும் சொன்னோம், அதிலும் சண்டை. "நீங்க ரெண்டு பேரும் ரெண்டு படம் பாத்துட்டு வந்துகீறீங்க" என்று கொஞ்சம் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான். திருநாளன்று தேர் நம் தெருமுனைக்கு வந்தபோது அவளைக் கூட்டிப்போய் நிறுத்தினேன். மாதா எப்படி கீறா என்று கேட்டாள். அழகாக இருக்கிறாள் என்றேன். கொசுவம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் இருந்தது, அதை நான் சொல்லவில்லை. அவள் தேர்ச் சத்தம் தூரமாகப் போகிற வரைக்கும் நின்றுவிட்டு, "ஒரு பக்கம் தூக்கிகினு இருக்கும், புதுசா கட்றவங்களுக்கு அப்படித்தான் வரும்" என்றாள். வீட்டுக்கு வந்து கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் நீயே சொல்லிக் கொடு என்று சொல்லிப் பார்த்தேன்.

இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. மழைக்கு முன்னால் மொட்டை மாடி ஒழுக்கை அடைக்க வேண்டும், ஆள் சொல்லியிருக்கிறேன். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து காற்று வீசினால் அந்த ஃபாக்டரி நெடி இன்னும் வருகிறது, அம்மாவுக்கு இப்போது மூக்கும் காதும் கூர்மையாகிவிட்டதால் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்து ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள். சமையல் நான்தான், ஆவுடையம்மாள் குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிடுகிறாள், எங்களைப் பற்றிப் பயப்படாதே. வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, அதுதான் அவள் பயம், கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தால் குழந்தையோடு வா, அவன் முகத்தை அவள் கையால் தடவிப் பார்க்கட்டும். போன் பண்ணும்போது கண்ணைப் பற்றி எடுத்ததும் கேட்காதே, அவளாகச் சொல்வாள். நீ என்ன உடுத்தியிருக்கிறாய், ஜெரிக்கு என்ன சட்டை போட்டாய் என்று விவரமாகச் சொல்லு, அதை மட்டும் அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். உனக்குப் பிரசவ சமயத்தில் சர்க்கரை இருந்ததே, அதைச் சும்மா விட்டுவிடாதே கண்ணு, வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டு. இதை நைனா கெஞ்சிக் கேட்கிறேன்.

மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்லு, குழந்தைக்குத் தாத்தாவின் முத்தம்.

இப்படிக்கு,
உன் நைனா
ஜேக்கப்

பி.கு.: முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், எங்கேயும் மாற்றச் சொல்லவில்லை. எம்பேர நானே போடறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். அவள் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டிவிட்டு விட்டுவிட்டேன். பிலோமினா என்று முழுப்பெயரையும் எழுதினாள், எழுத்து என் கையெழுத்தின் மேலேயே ஏறிப் போயிருக்கிறது, அதை நீ பார்க்கலாம். பேரு முழுசா விழுந்திச்சா என்று கேட்டாள், விழுந்தது என்றேன். கடைசி எழுத்து தாளைத் தாண்டி மேசை விரிப்பில் விழுந்திருக்கிறது. அதை நான் துடைக்கவில்லை.